வேர்ப்புழுவுக்கு ஒரு விருந்து

அந்த வருஷம் குஸ்பினாரில் எந்த வீட்டிலும் பச்சையாக மெல்லுகிற மருல் கீரை தின்னவில்லை. கறி சுட்டால் பக்கத்தில் கிள்ளி வைக்க ஓர் இலை கிடையாது. என் புருஷன் பெகிர் ரொட்டியையும் வெங்காயத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, ஆட்டுக்குக் கிடைக்கிற பச்சைகூடத் தனக்கு இல்லாமல் போய்விட்டதென்று கோடை முழுக்கப் புலம்பினார். ஊரிலிருந்த மருல் நாற்று அத்தனையும் நஸ்மியே அக்காவின் தேவதாருப் பாத்திக்குப் போய்விட்டது. கேட்டு வாங்கியது பாதி. கேட்காமல் நான் சுவர் தாண்டிப் பிடுங்கிக்கொண்டு போனது மீதி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் பிடுங்குவேன்.

நான் ருகியே. அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்புயரக் கல்சுவர்தான். அக்காவின் நாற்றுப் பண்ணையில் களை எடுப்பது, நீர் பாய்ச்சுவது, கன்று பிடுங்கிக் கட்டுவது என் வேலை. பெகிர் டிராக்டர் ஓட்டுவார். கல்யாணம் வந்தால் தோளில் பெரிய மேளத்தை மாட்டிக்கொள்வார். இரண்டிலும் சத்தம்தான் அதிகம்.

பண்ணை, வீட்டுக்குப் பின்னால் ஓடை வரைக்கும் இறங்குகிற நிலம். கொஞ்சம் பைன், கொஞ்சம் வாதுமை, மற்றதெல்லாம் தேவதாரு. குனிந்து களை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே மலைச்சரிவு தெரியும். முன்பு அது பச்சை. காட்டுத் தீ வந்து போன பிறகு கறுப்பு. எங்கள் தாத்தன் பாட்டன் காலத்துத் தேவதாருக்கள் ஒரு வாரத்தில் கரிக்கட்டையாகிப் போயின. பைன் மரமாவது வெந்த காயிலிருந்து விதை உதிர்த்துத் தானே முளைத்துக்கொள்ளும். தேவதாரு அப்படி இல்லை, போனால் போனதுதான்.

ஆனால் எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. தீ வருவதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் அக்கா அந்தச் சரிவில் ஏறி ஒரு சாக்கு நிறையக் கூம்புக்காய் பொறுக்கி வந்திருந்தாள். அது பரணில் கிடந்தது. மலை எரிந்து புகை அடங்கிய அன்று அக்காவின் புருஷன் வெலி அண்ணன் பரணில் ஏறி அந்தச் சாக்கைக் கீழே இறக்கி அவள் காலடியில் வைத்தார். அந்த மலையின் விதை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அக்கா அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னாள். இந்த விதையில் வந்த கன்றோடுதான் இனிமேல் அந்தச் சரிவில் கால் வைப்பேன், வெறுங்கையோடு ஏற மாட்டேன் என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவள் பிடிவாதம் ஊருக்கே தெரியும்.

பனிக்காலத்தில், பனி பெய்து ஓய்ந்த காலையில், மூக்கு சிவக்கச் சிவக்க நின்று விதையைப் பனியின்மேல் தூவினோம். எங்கள் பக்கத்தில் தேவதாருவுக்கு அதுதான் வழி. பனி உருகும்போது விதையை மெல்ல மண்ணுக்குள் கூட்டிக்கொண்டு போகும். எந்த நிலத்தில் தூவுவது என்று யோசிக்கவே இல்லை. அக்காவின் மகன் யஷாரின் கல்யாணம் நடந்த இடம் இருந்தது. தீ வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஜூலையில், மூன்று ராத்திரி கோலாகலமாக அங்கே ஆட்டம் நடந்தது. ஆடுகிறவர்களுக்குக் கால் நோகக் கூடாதென்று பெகிர் உழுது கொடுத்தார். ஆற்று மணல் கொட்டிச் சலித்துப் பரப்பினோம். தூசி எழாமலிருக்கத் தினமும் தண்ணீர் தெளித்தோம். மேலே வரிசை வரிசையாகப் பல்பு கட்டினோம். பஞ்சு மாதிரி மண். தவிர, கல்யாண ஆட்டம் ஆடிய தரையில் பரக்கத் என்கிற செழிப்பு தங்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அங்கேதான் தூவினோம். முளைத்ததைப் பார்த்தவர்கள் மாஷால்லா சொல்லாமல் போகவில்லை.

இரண்டாம் வசந்தத்தில், மே மாதத்துக் காலையில், நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு கன்றின் நுனி செம்பழுப்பாக இருந்தது. வெயிலோ என்று தொட்டேன். கன்று கையோடு வந்துவிட்டது. கீழே வேர் இல்லை. யாரோ கத்தரித்தது போல மொட்டைத் தண்டு. பக்கத்துக் கன்றைத் தொட்டேன், அதுவும் வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன்.

அவள் வந்து மண்டியிட்டு விரலால் மண்ணைக் கிளறினாள். என் கட்டைவிரல் தடிமனில் ஒரு வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தது. தவிட்டு நிறத் தலை, எண்ணெய் தடவினது போன்ற உடம்பு. தின்று கொழுத்தது பார்த்தாலே தெரிந்தது. அக்கா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிர்மலையைப் பார்த்தாள்.

"ருகியே, இது கன்னைத் தின்னலடி. மலையைத் தின்னுது."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நஸ்மியே அக்கா வேலை நேரத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வெலி அண்ணனுக்கு ஒரு குணம் உண்டு. துக்கம் வந்தால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும், யோசனை அப்புறம்தான். நாங்கள் டீ குடிக்க உள்ளே போன நேரத்தில் கோழிக் கூண்டைத் திறந்து மொத்தக் கோழியையும் பாத்தியில் விட்டுவிட்டார். புழுவைக் கோழி தின்னும், நல்ல யோசனைதானே என்று மனிதருக்குப் பெருமை வேறு. கோழி புழுவைத் தின்றது உண்மை. அதற்கு முன்னால் காலால் சீய்த்து ஒரு வரிசைக் கன்றை வேலிக்கு எறிந்தது. அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். முதலில் கோழியை விரட்டினாள், அப்புறம் அண்ணனை விரட்டினாள். அவர் எங்கள் சுவரைத் தாண்டி வந்து பெகிருக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தக் கஷ்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

மறுநாள் காஸிம் என்ஜினீயர் வந்தார். அரசாங்க நாற்றுப் பண்ணையில் வேலை. எல்மாலி பக்கத்தில் வீடு. நல்ல மனிதர், தொப்பை உள்ளவர், யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் டீ கேட்பார். புழுவைப் பார்த்ததும் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். இது வேர்ப்புழு என்றார். மண்ணுக்குள்ளேயே மூன்று வருஷம் தின்றுவிட்டு, பிறகு வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய வண்டாகி வெளியே பறக்கும் என்றார். அந்த வண்டை எங்களுக்குத் தெரியும். ஜூலை மாதத்து அந்தியில் சுற்றும். ஆணுக்கு விசிறி போல மீசை. பிடித்தால் கீச்சென்று கத்தும். அதன் பிள்ளையா இது என்று எனக்கு ஆச்சரியம்.

மருந்து உண்டா என்று அண்ணன் கேட்டார். இந்த வயசுப் புழுவுக்கு மருந்து உறைக்காது, தவிர பாத்தியில் ஊற்றுகிற தண்ணீர் ஊர்த் தொட்டிக்குத்தான் போய்ச் சேரும் என்றார் என்ஜினீயர். பிறகு பாத்தியைச் சுற்றி வந்து, கன்று போடும் முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டார். கல்யாணம் நடந்தது என்றோம்.

"ஜூலையிலா? விளக்கு கட்டினீங்களா?"

"ஊரே வெளிச்சமா இருந்துச்சு," என்றார் பெகிர்.

"மணல் போட்டுத் தண்ணி தெளிச்சீங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யஷாரின் பெண்டாட்டி மெலெக் டீத் தட்டோடு நின்றவள் முகம் சிவந்து உள்ளே போய்விட்டாள்.

"ஆண் வண்டு வெளிச்சத்தைப் பாத்து வரும். பொண்ணு வண்டு ஈர மணலைத் தேடி முட்டை வைக்க வரும். ரெண்டுக்கும் சேத்து ஒரே இடத்துல பந்தல் போட்டுக் கொடுத்திருக்கீங்க. உங்க வீட்டுக் கல்யாணத்துல அன்னைக்கு எத்தனை கல்யாணம் நடந்துச்சோ."

பெகிர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அவர் விலாவில் இடித்தேன். அக்கா சிரிக்கவில்லை. தானே கூப்பிட்டு வைத்த விருந்தாளி தன் மலையைத் தின்கிறது என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

அப்போதுதான் என்ஜினீயர் மருல் கீரையைச் சொன்னார். தேவதாரு வேரைவிட மருல் வேர் இந்தப் புழுவுக்குப் பிடிக்கும், இளசு, பால் ஊறும். கன்று வரிசைகளுக்கு நடுவில் மருலை நடுங்கள். புழு அங்கே நகரும்.

"தினம் காலையில வந்து பாருங்க. எந்த மருல் தலை சாய்ஞ்சிருக்கோ அதுக்குக் கீழே ஒருத்தன் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். தோண்டி எடுத்துட்டு அந்த இடத்துல வேற மருல் நடுங்க. கை சலிக்காமச் செஞ்சா முக்கால்வாசி தப்பிச்சிரும்."

போகும்போது இன்னொன்றும் சொன்னார். இந்த ஜூலையில் பண்ணைப் பக்கம் வெளியே ஒரு விளக்குகூட எரியக் கூடாது, ஈர மணலும் கூடாது. அதைக் கேட்டதும் அக்காவும் அண்ணனும் ஒரே நேரத்தில் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஜன்னலில் செவ்கி நின்றாள்.

செவ்கி அக்காவின் மகள். அந்த ஜூலையில்தான் அவளுக்கு மருதாணி ராத்திரி. பெண்ணை மாப்பிள்ளை ஊருக்கு அனுப்புவதற்கு முந்தைய ராத்திரி, அவளுக்கென்று பிறந்த வீட்டில் நடக்கிற ஒரே கொண்டாட்டம் அது. தன் அண்ணன் யஷாரின் கல்யாணத்தில் கட்டிய அதே பல்பு வரிசையை அதே பண்ணையில் கட்ட வேண்டும் என்று அவள் நிச்சயமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். பல்பையெல்லாம் துடைத்து, எரியாததை மாற்றி, பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் தயிர் மாவுக் கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு அக்கா அதைச் சொன்னாள். மருதாணி வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும், ஜன்னலுக்குக் கம்பளி போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்றாள். செவ்கி கரண்டியை வைத்துவிட்டாள்.

"அண்ணனுக்கு ஊரே வெளிச்சம். எனக்குக் கம்பளி போட்ட ரூமா?"

"கன்னு போயிரும்டி."

"என்னைவிட உனக்குக் கன்னுதான் பெரிசு. சொல்லிடேன், ஒரே வார்த்தைல."

அக்கா கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். செவ்கி எழுந்து போய்விட்டாள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த மாதிரிச் சண்டைதான் மோசமான சண்டை.

ஆனால் வேலை நிற்குமா. மறுநாளே நான் ஊர்வலம் கிளம்பினேன். ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் மருல் நாற்று வாங்கினேன். இமாம் வீட்டில் கொடுத்தார்கள். டீக்கடைக்காரர் சட்டியில் வளர்த்த நாலு செடியைக் கொடுத்துவிட்டு, மலையில் கன்று நடும்போது தன் கடைக்கு நேராக ஒரு மரம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டுத் தோட்டத்தைக் கடைசியில் மொட்டையடித்தேன். அன்று முதல் பெகிர் புலம்பல் ஆரம்பம்.

தேவதாரு வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற சாண் அகல இடைவெளியில் மருலை நட்டோம். கறுப்புப் பச்சைக்கு நடுவே இளம்பச்சை. பார்க்கப் பாய் பின்னியது போல அழகாகத்தான் இருந்தது. தினமும் பனி ஈரம் காய்வதற்கு முன், ஆளுக்கொரு சட்டியும் ஒல்லியான களைக்கொத்தும் எடுத்துக்கொண்டு இறங்குவோம். தலை சாய்ந்த மருலைத் தேடுவோம். கண்டதும் குத்தி நெம்பினால் வேரோடு புழுவும் வரும். சட்டியில் டப்பென்று விழும். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க மனசுக்கு அவ்வளவு சுகம். சாயங்காலம் சட்டி கோழிக்குப் போகும். கூண்டுக்குள்ளேயே இருந்து தின்றதால் இந்தத் தடவை கோழி மேல் புகார் இல்லை. அந்தக் கோடையில் அக்கா வீட்டு முட்டைக்கு மஞ்சள் கரு ஆரஞ்சுப் பழ நிறத்தில் இருந்தது.

முதல் சில நாள் செவ்கி வரவில்லை. பிறகு ஒரு காலையில் களைக்கொத்தோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அம்மாவும் மகளும் பேச்சில்லை. நடு வரிசையில் நான்.

"ருகியே அக்கா, உங்க அக்காகிட்ட சொல்லுங்க, மூணாம் பாத்தில தண்ணி நிக்குதுன்னு."

"ருகியே, உன் தங்கச்சிகிட்ட சொல்லு, கண்ணு இருந்தா வாய்க்காலைத் திறந்து விடலாம்னு."

"நான் என்ன தபால்காரியா? ஆளுக்கு ஒரு கை தூரத்துல உக்காந்திருக்கீங்க. இனிமே ஒரு சேதிக்கு ஒரு முட்டை."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேருமே மருல் இலைக்குள் குனிந்துகொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியாதா.

செவ்கிக்குக் கூரிய கண். நாங்கள் தலை சாய்ந்த பிறகு கண்டுபிடிப்போம். அவள், இலை ஓரம் லேசாகச் சுருங்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு வாரத்தில் அவள் சட்டிதான் முதலில் நிறைந்தது. புழுக்களுக்குப் பெயர் வைக்க ஆரம்பித்தாள். எல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர்கள் பெயர். இது சின்ன மாமனார், வாய் பெருசு. இது நாத்தனார், கூப்பிடாமலே வந்திருக்கு. ஒரு நாள் பெரிய புழு ஒன்றைத் தோண்டி எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"இது என் மாமியார் பெஹியே. பாருங்க, தின்னு தின்னு நகர முடியல."

"சீ, வாயை மூடு. நாளைக்கு அந்த வீட்டுல வாழப் போறவ," என்றாள் அக்கா. என் வழியாக இல்லை, நேராகவே. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. எல்லோரும் அப்படியே நின்றோம். அக்காவால் அடக்க முடியவில்லை. களைக்கொத்தைப் போட்டுவிட்டு தலைத்துணி ஓரத்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புழு குறைந்து வந்தது. தேவதாருக் கன்று சிவப்பது நின்றது. ஜூன் கடைசியில் ஒரு முழு வரிசையிலும் ஒரு மருல்கூடச் சாயவில்லை. அன்று அடுப்பில் ரொட்டி சுட்டு, வெள்ளைப் பாலாடைக்கட்டியும் மோருமாகப் பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்து தின்றோம். செவ்கி தின்னாமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், அந்த வண்டு எவ்வளவு தூரம் பறக்கும் என்று. எனக்கென்ன தெரியும். வெளிச்சம் இருக்கிற பக்கம் போகும் என்றேன்.

"அப்போ வெளிச்சத்தை அங்க வைப்போம்."

கையை நீட்டிக் கருகின மலையைக் காட்டினாள்.

"அங்க தின்ன ஒரு வேர் இல்ல. தண்ணி தெளிச்ச மணல் இல்ல. சாம்பலும் கல்லும்தான். பல்பு எல்லாம் அங்க கட்டுவோம். ஒவ்வொரு பல்புக்குக் கீழேயும் ஒரு தண்ணிச் சட்டி வைப்போம். வர்ற வண்டு எல்லாம் அதுல விழட்டும். என் மருதாணி அங்கதான்."

நான் வாயில் வைத்த ரொட்டியை விழுங்க மறந்துவிட்டேன். அவ்வளவு நல்ல யோசனை. ஆனால் அக்கா முகம் இறுகிவிட்டது.

"நான் வர மாட்டேன். சொல்லியிருக்கேன். கன்னோடதான் அந்த மலைல கால் வைப்பேன்."

"கன்னோடதானே வரேன்னு சொன்ன? நான் யாரு?"

அக்கா எழுந்து, மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். செவ்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. கொஞ்சம் பொறு என்றேன். ஆனால் அக்கா வருவாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

என்ஜினீயருக்கு ஆள் அனுப்பினோம். கேட்டதும் மனிதர் சந்தோஷத்தில் குதித்தாராம். வெளிச்சத்துக்கு வருவது பெரும்பாலும் ஆண்தான், ஆனால் மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணம் எப்படி நடக்கும் என்று கேட்டு அனுப்பினார். தானும் வருவதாகச் சொன்னார். ஆடு அறுப்பீர்களா என்றும் கேட்டிருந்தார்.

மருதாணி நாளன்று ஊரில் சட்டி, அண்டா, குளிக்கிற தொட்டி ஒன்று பாக்கி இல்லை, எல்லாம் பெகிரின் டிராக்டரில் ஏறி மலைக்குப் போயின. கோதுமையையும் ஆட்டுக்கறியையும் போட்டு இடித்துக் குழைக்கிற கெஷ்கெக் அண்டாவும் போயிற்று. ஜெனரேட்டரை யஷார் தோளில் சுமந்தான். கரிக்கட்டையாக நின்ற மரங்களுக்கு நடுவே செவ்கி துடைத்து வைத்த பல்புகளைக் கட்டினோம். கட்டி முடித்து ஒரு முறை எரிய விட்டுப் பார்த்தபோது, தீக்குப் பிறகு முதல் தடவையாக அந்த மலையைப் பார்க்க எனக்குப் பயமாக இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாமியார் பெஹியே, பட்டுச் சட்டையும் பளபள செருப்புமாக வந்தவள், சாம்பலில் கணுக்கால் வரை புதைந்து, எங்கள் ஊரில் சமதளம் என்று ஒன்று இல்லையா என்று கேட்டாள். இருந்தது, அதைப் புழு தின்றுவிட்டது என்று நான் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

சூரியன் இறங்கியதும் பெகிர் மேளத்தை அடித்தார். அந்தி மயங்குகிற நேரம். முதல் வண்டு வந்தது. கொட்டைப் பாக்கு பறந்து வந்தது போல வந்து பல்பில் மோதிச் சட்டியில் விழுந்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் கூட்டமாக. டொக்கு டொக்கென்று பல்பில் மோதுவதும் தண்ணீரில் விழுவதும் பெகிரின் அடிக்கு எசப்பாட்டு போலக் கேட்டது. மாப்பிள்ளை ஊர்ப் பெண்கள் கூந்தலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் விழுந்ததை எடுத்துச் சட்டியில் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். என்ஜினீயர் ஒரு கையில் கெஷ்கெக் தட்டும் இன்னொரு கையில் வண்டுமாக அலைந்தார். ஆடுகிறவர்கள் காலில் எழுந்த சாம்பல் இடுப்பு வரை ஏறியது. எல்லோரும் கறுப்பு. யார் ஊர் யார் ஊர் என்றே தெரியவில்லை.

செவ்கி நடுவில் சிவப்பு முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி மெழுகுவர்த்தியோடு பாடிக்கொண்டு நடந்தார்கள். மருதாணித் தட்டைப் பிறந்த வீட்டுப் பெண் ஒருத்தி கொண்டுவர வேண்டும். நான்தான் கொண்டுவருவதாக ஏற்பாடு. தட்டை எடுக்கப் போனேன். தட்டு இல்லை. திரும்பிப் பார்த்தால், சரிவின் கீழே பாதையில், தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நஸ்மியே அக்கா ஏறி வந்துகொண்டிருந்தாள். வெலி அண்ணன் பின்னால் லாந்தரோடு வந்தார். அக்கா எங்கும் பார்க்கவில்லை. கருகின மரத்தையும் பார்க்கவில்லை, விளக்கையும் பார்க்கவில்லை. மகளை மட்டும் பார்த்து நடந்தாள். பெகிர் அதைப் பார்த்துவிட்டு மேளத்தை மெதுவாக்கினார். என் புருஷனை அந்த நேரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அக்கா தட்டை வைத்துவிட்டு மகளுக்கு முன்னால் சாம்பலில் உட்கார்ந்தாள்.

"வந்துட்டேன்டி," என்றாள்.

செவ்கி தலையை மட்டும் ஆட்டினாள். முக்காட்டுக்குள் என்ன நடந்ததோ.

மருதாணி வைக்கும்போது பெண் கையை மூடிக்கொள்வாள். மாமியார் தங்கக் காசு கொடுத்தால்தான் விரல் விரியும். அதுதான் முறை. பெஹியே காசை எடுத்துக்கொண்டு வந்தாள். செவ்கி கையை இறுக மூடியிருந்தாள். பெஹியே காசைக் காட்டினாள். கை திறக்கவில்லை. இன்னும் கிட்டே போய்க் காட்டினாள். அப்போதும் திறக்கவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு. பெண்ணுக்கு இது போதாதாம் என்றாள் ஒருத்தி. பெஹியே செவ்கியின் விரலைத் தானே பிரித்தாள்.

உள்ளே இருந்து கீச்சென்று ஒரு கத்தல். விசிறி மீசை வைத்த ஆண் வண்டு ஒன்று உள்ளங்கையில் எழுந்து நின்றது. பெஹியே அலறிக் கையை உதறினாள். தங்கக் காசு பறந்து போய் வண்டு மிதக்கிற அண்டாவில் விழுந்தது. பிறகு பெஹியே செய்தது எனக்கு இன்றைக்கும் மறக்காது. பட்டுச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு அண்டாவுக்குள் கையை விட்டாள். வண்டுகளைக் கொத்துக் கொத்தாக அள்ளி வெளியே போட்டுக்கொண்டே, "இந்தப் பொண்ணு எங்க வீட்டுக்குத்தான் வேணும், இவளை யாருக்கும் விட மாட்டேன்," என்றாள்.

அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தாமல், தலையை மேலே தூக்கி, மலை கேட்கச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துச் சாம்பலில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். முகமெல்லாம் கரி. செவ்கி முக்காட்டைத் தூக்கி அவளைப் பார்த்து, தன் முக்காட்டு ஓரத்தாலேயே துடைத்துவிட்டாள். அது இன்னும் அப்பிக்கொண்டதுதான் மிச்சம். நான் அழுதேன். சும்மா இல்லை, நன்றாகவே அழுதேன்.

நவம்பரில் மழை இறங்கி மண் நனைந்த பிறகு கன்றுகளைப் பிடுங்கினோம். முக்கால்வாசி என்று என்ஜினீயர் சொன்னார். அதற்கும் கொஞ்சம் மேலேயே தப்பியிருந்தது. வேரை ஈரச் சாக்கில் சுற்றி, ஊரே மலையில் ஏறியது. டீக்கடைக்காரர் தன் கடைக்கு நேரான இடத்தைக் கையைக் காட்டிக் காட்டி ஒருவழியாகக் கண்டுபிடித்தார். செவ்கி மாப்பிள்ளையோடும் மாமியாரோடும் வந்திருந்தாள். பெஹியே இந்தத் தடவை ரப்பர் செருப்பு போட்டிருந்தாள்.

முதல் கன்றை நடுவது அக்காதான். செவ்கி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் குழி தோண்டினாள். கன்றை வைத்தாள், மண்ணை மிதித்தாள். எழுந்திருப்பாள் என்று பார்த்தால் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்து ஈரத்துணி ஒன்றைப் பிரித்தாள். உள்ளே ஒரு மருல் நாற்று. கன்றுக்கு ஒரு சாண் தள்ளி அதையும் நட்டாள்.

கூட்டம் சிரித்தது. வெலி அண்ணன் குனிந்து, இன்று ராத்திரி உறைபனி விழும், விடியும்போது இது இருக்காது என்றார்.

"இருக்காதுன்னு எனக்கும் தெரியும்," என்றாள் அக்கா, மருலைச் சுற்றி மண்ணை விரலால் அமுக்கிக்கொண்டே. "இன்னைக்கு ஒரு ராத்திரிக்காவது எவனாவது வந்தா முதல்ல இதைத் தின்னட்டும்."

செவ்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த குழியைத் தோண்ட ஆரம்பித்தாள். மறுநாள் காலை நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். மருல் உறைபனியில் கருகிக் கிடந்தது. கன்று நின்றது.